முந்நூறு ஓலைக்குள் ஒரு பொடி டப்பி

முன்னொரு காலத்தில், எந்த வழிப்போக்கனும் இருமுறை கண்டுபிடிக்க முடியாத ஒரு நாட்டில், அநேகமாக எல்லோரும் மூக்குப்பொடி போட்டார்கள். ஒருநாள் அயல்நாட்டுத் தூதர் ஓலை வாசிக்கையில் அவை முழுதும் ஒன்றாகத் தும்மியது. ஓலை சாளரம் வழியே பறந்துபோயிற்று.

"இனி இந்நாட்டில் தும்மல் கேட்கக் கூடாது" என்றார் அரசர் மகிழவர்மன். சற்று யோசித்து, "நம்முடையதைத் தவிர" என்றார்.

அரண்மனை வைத்தியர் திருமேனி எழுந்தார். "ஒவ்வொரு பொடிமட்டையிலும் 'இது மூக்கைத் தின்னும்' என்று ஓலை நறுக்கு ஒட்டுவோம், வேந்தே. அரச முத்திரையும் இருந்தால் மக்கள் அஞ்சுவார்கள்."

முத்திரை ஓலையைக் கிழித்தால் அங்கே தலை போகும். முழுதும் வாசித்து, கண்ணில் ஒற்றி, பக்குவமாகப் பிரித்து எடுத்துவைக்க வேண்டும். அரசரின் பாட்டனார் போட்ட சட்டம் அது.

ஒரே மாதத்தில் பொடி விற்பனை மும்மடங்காயிற்று. காரணம் அறிய விகடகவி சித்தாண்டி கடைத்தெருவுக்குப் போனான். அங்கே மோர்க்காரி ஒருத்தி நான்கு மட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தான் பொடிப் பழக்கமே இல்லையே, அக்கா?"

"பொடி யாருக்கு வேணும்? ராசா முத்திரை இருக்கிற வீட்டுல தேள் அண்டாதாம். மூலைக்கு ஒண்ணு ஒட்டப் போறேன்."

"அப்ப பொடியை என்ன பண்ணுவே?"

"வாங்கினதை வீசவா முடியும்? போன வாரந்தான் போடப் பழகினேன்" என்று சொல்லித் தும்மினாள்.

இதை அவையில் சொன்னதும் வைத்தியரின் முகம் கறுத்தது. சித்தாண்டியைத் துரத்த வெகுநாளாக வழி தேடியவர் அவர். "பொடியால் வரும் கேடுகள் முந்நூறு, வேந்தே. ஒன்றைத்தான் எழுதினோம். எழுத்தை எள்ளும் இவன், எழுத்தாலேயே ஒருவரையாவது பொடி போடாமல் நிறுத்திக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"மூன்று நாள்" என்றார் அரசர்.

சித்தாண்டி வைத்தியரிடமே போனான். "அந்த முந்நூறையும் சொல்லுங்கள், ஐயா. ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறேன்." வைத்தியர் மகிழ்ந்துபோய் இரண்டு நாள் முழுக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அரச முத்திரையும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை, அரசர் தம் வெள்ளிப் பொடி டப்பிக்குக் கை நீட்டினார். அந்த இடத்தில் பூசணிக்காய் அளவில் ஓர் ஓலை உருண்டை இருந்தது.

"இது என்ன?"

"தங்கள் டப்பிதான், வேந்தே. உள்ளே இருக்கிறது. மேலே முந்நூறு எச்சரிக்கை, முந்நூறு முத்திரை, புளியங்கொட்டைப் பசை."

"கிழித்துப் போடு."

"என் தலை ஒன்றுதானே, வேந்தே. முந்நூறு முறை எப்படிப் போகும்?"

சட்டப்படி வாசிக்கத் தொடங்கினார் வைத்தியர். எண்பத்திரண்டாம் ஓலை: 'பொடி போடுபவரின் கனவில் பூனைகள் வழக்காடும்.' ஒவ்வொன்றையும் அரசர் தம் கண்ணில் ஒற்றி, நீர் தொட்டுப் பிரித்தார். வெயில் சாய்ந்தபோது இருநூறுதான் முடிந்திருந்தது.

"காலையிலிருந்து தாங்கள் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை" என்றான் சித்தாண்டி. "ஒருவரை நிறுத்திவிட்டேன்."

அரசர் பசை ஒட்டிய விரல்களைப் பார்த்தார். "நம்மை நிறுத்தியது எழுத்தா, பசையா?"

"வைத்தியரைக் கேளுங்கள், வேந்தே. முந்நூறையும் சொன்னவர், இருநூறை வாசித்தவர் அவர்தானே."

எல்லோரும் திரும்பினார்கள். வைத்தியர் தூணுக்குப் பின்னால் நின்று, தம் மடியிலிருந்த மட்டையின் ஓலையை மிகுந்த பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சித் தும்மினார். வாசித்த ஓலைகள் இருநூறும் அவையெங்கும் பறந்தன.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. தம் முத்துமாலையைச் சித்தாண்டிக்குப் போட்டு, "வேறென்ன வேண்டும்?" என்றார்.

"இந்த ஓலைகளைக் கொடுங்கள், வேந்தே" என்றான் சித்தாண்டி. "எங்கள் தெருவில் தேள் அதிகம்."