"நாங்க" என்று சொன்னவர்

வேதமாணிக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பின் போதகருக்கு உதவியாக வேதம் போதிக்கும் உபதேசியார் ஆக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. சபையின் போதகர் ஜெயசீலி அம்மாவிடம் போய்க் கேட்டார். அம்மா அவரைவிட வயதில் இளையவர்.

"வேதம் நல்லா வாசிச்சிருக்கீங்க. மனுஷங்க பேசுறதக் கேட்டிருக்கீங்களா?"

"பஸ்ஸுல வேற என்னம்மா கேட்டேன்?"

"அப்ப சனிக்கிழமைதோறும் ஒரு சொல் கொண்டு வாங்க. தெருவுல, கடையில யாராவது பேசுனதா இருக்கணும். அதுல ஆண்டவர் நமக்கு என்ன சொல்லுதார்னு பாப்போம்."

அப்படித்தான் பாடம் தொடங்கியது.

ஒரு வாரம் 'பொறுங்க' என்ற சொல்லைக் கொண்டு வந்தார். காத்திருக்கச் சொல்வதும் அதுதான், மன்னிக்கச் சொல்வதும் அதுதான் என்று இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வாரம் தன் பழைய தொழிலிலிருந்தே ஒன்றை எடுத்து வந்தார். 'உள்ள இடம் இருக்கு, ஏறுங்க.' அம்மா சிரித்துவிட்டார். "இத வச்சே ஒரு பிரசங்கம் பண்ணலாம் நீங்க" என்றார். வேதமாணிக்கத்துக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம், கீழத்தெரு மாசிலாமணியின் மகள் எப்சிபா காய்ச்சலில் இறந்துபோனாள். மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளை.

அந்த ஊரில் சபை ஒன்று. ஆலயம் ஒன்று. திருவிருந்தில் பிட்கிற அப்பமும் ஒன்று. கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு. மேலத்தெருக்காரர்களுக்கு மேட்டில், சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டுமாக. கீழத்தெருக்காரர்களுக்குக் குளத்தை ஒட்டிய பள்ளத்தில். எப்போது அப்படிப் பிரிந்தது என்று யாரும் பேசுவதில்லை.

வேதமாணிக்கம் மேலத்தெரு.

பள்ளத்தில் குழி வெட்டினார்கள். முழங்கால் ஆழம் போவதற்குள் தண்ணீர் ஊறி நிரம்பியது. தள்ளிப்போய் வேறிடத்தில் வெட்டினார்கள். அங்கும் தண்ணீர்.

மாசிலாமணி போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"அம்மா, பிள்ளையத் தண்ணிக்குள்ள வைக்க மனசு வரல. மேட்டுல ஒரு மூலை கெடைக்குமா?"

அம்மா செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பினார். சனிக்கிழமைப் பாடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த வேதமாணிக்கமும் குடையை விரித்துக்கொண்டு பின்னால் போனார்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. கேட்டுக்கு முன்னால் மேலத்தெரு ஆண்கள் கூடி நின்றார்கள். சபைச் செயலர் தேவஆசீர் கையில் சாவி இருந்தது.

"அண்ணாச்சி, கேட்டத் திறங்க" என்றார் அம்மா.

"அம்மா, நீங்க ஊருக்குப் புதுசு. இது எங்க பெரியவங்க கெடக்கிற எடம். நாங்க சம்மதிக்க முடியாது."

"நாங்கன்னா யாரு?"

"நாங்கதான். சபையார்."

"அப்ப நான் சபையில இல்லையா?"

"உங்கள யாரும்மா சொன்னா?"

"என்னப் பாத்து நீங்க 'நாம'ன்னு சொல்லல. 'நாங்க'ன்னு சொன்னீங்க. என்ன வெளிய நிறுத்தாம அந்தச் சொல்ல எங்கிட்டச் சொல்ல முடியாது. சரி, நான் வெளியவே நிக்கேன். அந்தப் பிள்ளைய எங்க நிறுத்தப் போறீங்க?"

தேவஆசீர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். திரும்பி வேதமாணிக்கத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க. உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் உள்ளதான கெடக்காங்க. நாளைக்கு உபதேசியார் ஆகப் போறவரு. நீங்க சரின்னா நான் குறுக்க நிக்கல."

மழை குடைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் வேதமாணிக்கத்தின் தம்பி நின்றார். பக்கத்தில் வேதமாணிக்கத்தின் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் நின்றார். தெருமுனையில் நான்கு பேர் தோளில் ஒரு சின்னப் பெட்டி நனைந்துகொண்டிருந்தது.

வேதமாணிக்கம் குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தார்.

"அம்மா, நாங்க கலந்து பேசித்தான் சொல்லணும்" என்றார்.

சொன்னபிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாசிலாமணிதான் முன்னால் வந்தார்.

"வேண்டாம்மா. பிள்ளைய மழையில வச்சுக்கிட்டு வழக்குப் பேச வேண்டாம். விடிஞ்சா நாங்க இந்த ஊர்லதான் இருக்கணும்."

பெட்டி பள்ளத்துக்குத் திரும்பியது.

வாளியால் இறைத்துக்கொண்டே குழியை ஆழமாக்கினார்கள். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் அப்படியே இறக்கினார்கள். பெட்டி அமிழவில்லை. கயிற்றை விட்டதும் மேலே வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எப்சிபாவின் தாய் ரூத்து கரையில் விழுந்து கத்தினாள்.

"என் பிள்ள உள்ள போக மாட்டேங்காளே! அவளுக்குக் குளுரும், அவளுக்குக் குளுரும்!"

மாசிலாமணி குழிக்குள் இறங்கினார். அம்மாவும் அங்கியோடு இறங்கினார். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று இருவரும் நான்கு கைகளால் பெட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மேலே நின்றவர்கள் கரைக் கற்களைப் பெயர்த்து ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தார்கள். பாரம் ஏறி, பெட்டி அடியில் போய் உட்கார்ந்த பிறகு அம்மா கையை எடுத்தார். மண்ணுக்கு மண்ணாக என்று சொல்லி ஒரு பிடி அள்ளிப் போட்டார். விழுந்தது சேறு.

வேதமாணிக்கம் குளத்தங்கரைமேல் குடையோடு நின்றார். கீழே இறங்கக் கால் வரவில்லை. வீட்டுக்குப் போகவும் வரவில்லை.

வாரம் முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழை விட்ட அன்று காலையில் கீழத்தெருவுக்குப் போனார். அதே ஊரில் வளர்ந்தும் அதுவரை அந்தத் தெருவுக்குள் அவர் நடந்ததில்லை.

வாசலில் அவரைப் பார்த்ததும் ரூத்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாசிலாமணி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க ஐயா."

வேதமாணிக்கம் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். மாசிலாமணி தெருவில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"பேய் மழை. நாம என்னய்யா செய்ய முடியும்?"

வேதமாணிக்கம் அதற்குமேல் அங்கே உட்காரவில்லை.

சனிக்கிழமை அம்மாவிடம் வந்து நடந்ததைச் சொன்னார்.

"'நாம'ன்னு சொன்னாரும்மா. நான் வெளிய நிறுத்தின மனுஷன் என்ன உள்ள சேத்துக்கிட்டாரு."

"வாய்ப் பழக்கத்துல சொல்லியிருக்கலாம்."

"இல்லம்மா. எனக்குத் தெரியும்."

"அவர் வீட்டம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கதவச் சாத்திட்டாங்க."

"அது உங்க காதுல விழுந்துச்சா?"

வேதமாணிக்கம் தலைகுனிந்தார். பிறகு நிமிர்ந்து, "நாளைக்குப் பிரசங்கத்த எனக்குக் குடுங்கம்மா" என்றார். "மாசிலாமணி சொன்ன அந்த ஒரு சொல்ல வச்சுப் பேசுதேன். தேவஆசீர் அண்ணாச்சிகூட அழுதுருவாரு."

"அழுவாரு. அழுதுட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருவாரு."

"அப்ப சபைக்கு அது தெரிய வேண்டாமா?"

"அது மாசிலாமணி பிள்ளையப் பறிகொடுத்துட்டுச் சொன்ன சொல். அத எடுத்து நீங்க பிரசங்கம் பண்ணாதீங்க."

"பிறகு நான் எதத்தாம்மா பேச?"

"பிரசங்கம் உங்களுக்குத்தான். ஏறி நில்லுங்க. உங்க தம்பி இருப்பாரு, சம்பந்தக்காரரு இருப்பாரு. பின் வரிசையில ரூத்து வந்தாலும் வருவா. எல்லாரும் கேக்க 'நான்'னு ஆரம்பிங்க."

வேதமாணிக்கம் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். அந்தச் சொல் அவருக்கு வரவில்லை.