கரட்டு நத்தையும் மாடத்தியின் ஆடுகளும்

"மேடம், இனிமே கரட்டுல ஒரு ஆடு ஏறக் கூடாது. இன்னைக்கே நீங்க கையெழுத்துப் போடணும்."

நல்லபெருமாள் மனுவை மேசையில் வைத்தார். வைத்தார் என்ன, அறைந்தார்.

டாக்டர் ஜெசிந்தா நாற்காலியைக் காட்டினார். நல்லபெருமாள் உட்காரவில்லை.

இந்தக் குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாகப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவர். விடுமுறை நாட்களில் கல்லூரிக்கு வந்து, முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறார். தன்னைவிட இளையவரிடம் மாணவராக இருக்க அவருக்குக் கூச்சமே இல்லை. கோபம்தான் கொஞ்சம் அதிகம்.

ஊருக்கு மேற்கே உள்ள கரட்டில், அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றில் மட்டும் வாழும் ஒரு நத்தைதான் அவருடைய ஆராய்ச்சி. அதன் உடம்பில் ஊறும் பசை ஈரத்திலும் ஒட்டும். அதைப் போல ஒன்றைச் செய்துவிட்டால், தையல் நிற்காத சர்க்கரைப் புண்ணை மூடிவிடலாம் என்று நம்பினார். அவருடைய அண்ணன் அப்படியொரு புண்ணில்தான் காலை இழந்தார்.

"நாலு வருஷமா ஏறி இறங்குறேன் மேடம். மொதல்ல போனப்ப கால் வைக்க எடமில்ல, அவ்வளவு நத்தை. போன ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் தேடினேன். எத்தனை தெரியுமா? பதினொண்ணு!"

"காரணம்?"

"மாடத்தியோட ஆடுங்கதான். முப்பது ஆடு. மிதிச்சே கொன்னுடுச்சு."

"அவங்ககிட்ட பேசினீங்களா?"

"பேசாம இருப்பேனா? 'ஆடு எலையத் திங்கும், நத்தையவா சார் திங்கும்? எங்க மாமியா காலத்துலருந்து இங்கனதான் மேய்க்கோம்'ங்குது. உலகத்துலயே இந்த ஒரு கரட்டுல இருக்கிற உசுரு மேடம். மனுஷனுக்கு மருந்தாகப் போற உசுரு. அது காலடியில நசுங்குது, இந்த அம்மா மாமியா கதை பேசுது. வயித்தெரிச்சலா இருக்கு."

மனுவில் எல்லாம் முறையாக இருந்தது. கரட்டைச் சுற்றி வேலி போட வேண்டும், மேய்ச்சலை நிறுத்த வேண்டும். ஆராய்ச்சி வழிகாட்டியான ஜெசிந்தாவின் கையெழுத்து இருந்தால் திங்கட்கிழமையே உத்தரவு போட்டுவிடுவதாக வன அதிகாரி சொல்லியிருந்தார்.

மாடத்திக்கு வேறு மேய்ச்சல் நிலம் கிடையாது. வேலி விழுந்தால் ஆடுகளை விற்பதைத் தவிர வழியில்லை. அது மட்டும் மனுவில் இல்லை. படித்தவர்கள் எழுதும் மனுவில் ஆடு மேய்க்கிறவளின் வயிற்றுக்கு என்றைக்கு இடம் இருந்திருக்கிறது?

ஜெசிந்தா பேனாவைத் தொடவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

உள்ளே நாற்பத்தெட்டு பாட்டில்கள். மாதம் ஒன்று.

பசையைச் சுரண்டி எடுத்த நத்தையைத் திரும்பக் கரட்டில் விடக் கூடாது. ஆய்வகத்துக் கிருமி அங்கே போய்விடும் என்று விதி. அதனால் ஸ்பிரிட்டில் போட்டு, தேதி ஒட்டி, அடுக்கிவிடுவார்கள். இதுவும் முறைப்படிதான்.

"எல்லாத்தையும் வெளிய எடுத்து வைங்க சார். தேதி வரிசையில."

"இப்ப எதுக்கு மேடம்? அந்த அதிகாரி ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிருவாரு."

"வைங்க."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். இரண்டு மேசைகள் நிறைந்தன.

முதல் பாட்டிலில் ஐம்பது நத்தைகள். ஒவ்வொன்றும் நாவல்பழம் அளவு. கடைசிப் பாட்டிலில் பதினொன்று.

"எப்படிப்பட்டதா பார்த்து எடுப்பீங்க?"

"பெருசாத்தான். அதுலதான் பசை அதிகம். குட்டியைத் தொட்டதே கிடையாது மேடம். பாவம்னு விட்டுருவேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இந்தக் கடைசி பாட்டில்ல?"

நல்லபெருமாள் குனிந்து பார்த்தார். சுண்டைக்காய் அளவுகூடத் தேறாது.

"இதுவும்... இருந்ததுலயே பெருசுதான் மேடம்."

"முட்டை போடுறது எது சார்?"

நல்லபெருமாள் முதல் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

இந்த வகை நத்தையில் ஆண், பெண் என்று தனித்தனியாக இல்லை. வளர்ந்தது எல்லாமே முட்டையிடும். வளராதது இடாது. இதைப் புத்தகம் பார்க்காமல் வகுப்பில் சொல்லக்கூடியவர் அவர்.

ஒரு பாட்டிலை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டு, ஜெசிந்தா முதலில் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாமியா, மருமகள்னு ரெண்டு தலைமுறை ஆடு மேஞ்சும் கால் வைக்க எடமில்லாம நத்தை இருந்திருக்கு," என்றார் ஜெசிந்தா. "நாம போய் நாலே வருஷம் சார்."

"என் தப்புதான் மேடம்."

"உங்க தப்பு மட்டுமா? லேபிளைப் படிங்க. கடைசி வரி."

எல்லாப் பாட்டிலிலும் தேதிக்குக் கீழே ஒரே கையெழுத்து. சரிபார்க்கப்பட்டது, ஜெசிந்தா.

"நாப்பத்தெட்டு தடவை போட்டிருக்கேன். ஒரு தடவையாவது ரெண்டு பாட்டிலைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேனா? டாக்டர் பட்டம் வேற!"

கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் ஜெசிந்தா பீரோக் கதவை ஓங்கிச் சாத்தினார்.

நல்லபெருமாள் கடைசிப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குட்டிங்க இருக்கும் மேடம்," என்றார் நல்லபெருமாள் மெதுவாக. "இலைச் சருகுக்கு அடியில. நான் எண்ணினதே இல்ல."

"இருக்கும்."

"அதுங்க பெருசாக எவ்வளவு நாளாகும்?"

"மூணு வருஷமாவது ஆகும்."

நல்லபெருமாளுக்கு ஆராய்ச்சி முடிக்க மிச்சமிருந்தது ஒரு வருடம். மனுவை எடுத்து நான்காக, எட்டாகக் கிழித்தார்.

"அந்த அம்மாவைக் கொலைகாரிங்கிற மாதிரி பேசிட்டு வந்துட்டேன் மேடம். இப்ப கரட்டு மேலதான் இருக்கும். நான் ஓடிப் போய் ஏறி..."

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நானும் வர்றேன். ஏற வேண்டாம் சார், நாம ஏறினது போதும். அவங்க இறங்குற வரைக்கும் அடிவாரத்துல நிப்போம்."