முழுக்க என்ற ஒரு சொல்

வரைபடத்தில் விரல் நுனியை வைத்தால் மறைந்துவிடும் அளவுக்குச் சின்ன நாடு கோரைத்தீவு. அங்கே மின்சாரம் வேண்டுமென்றால் டீசல் வேண்டும். டீசல் வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டும். கடல் சீறிக் கப்பல் தாமதித்தால் நாடே இருண்டு கிடக்கும். அந்த நிலையை மாற்றிக் காட்டியவர் மின்துறை அமைச்சர் மங்களேஸ்வரி. அவர் காலத்தில்தான் வடக்கு மேட்டில் காற்றாலைகள் எழுந்தன, கூரைகளில் சோலார் தகடுகள் ஏறின, மிஞ்சும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கப் பெரிய பேட்டரிக் கூடமும் வந்தது.

மீதியிருந்தது ஒரு சட்டம். நாட்டின் மின்சாரம் முழுக்க முழுக்க வெயிலாலும் காற்றாலுமே ஆனது, டீசல் எரித்து மின்சாரம் எடுப்பவருக்குச் சிறை என்று அதை எழுதச் சொன்னார் மங்களேஸ்வரி. தலைமைப் பொறியாளர் சூசைநாதன் தயங்கினார்.

"மேடம், ஒரே ஒரு எஞ்சினையாவது வச்சுக்குவோம். மழைக்காலத்துல வெயிலும் காத்தும் சேர்ந்தாப்போல இல்லாமப் போனா பேட்டரி தாங்காது."

"முழுக்கன்னு சொன்னாத்தான் உலகம் நம்மளத் திரும்பிப் பார்க்கும். ஏறக்குறையன்னு சொன்னா யார் பார்ப்பா? எல்லாத்தையும் கழட்டிடுங்க."

சில மாதங்கள் கழித்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டதாகச் சூசைநாதன் தெரிவித்தார். சட்டமும் நிறைவேறியது.

அடுத்த மழைக்காலத்தில், அந்தச் சட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பல தீவு நாடுகளிலிருந்து அமைச்சர்கள் வந்தார்கள். சிப்பித்தீவின் அமைச்சர் ஜெசிமாவும் அவர்களில் ஒருவர். ஊர் திரும்பியதும் தங்கள் எஞ்சின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று எல்லோருமே முடிவு செய்திருந்தார்கள்.

விருந்தினர் வந்த நாளிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. தென்னங்கீற்றுகூட அசையவில்லை. பகலிலேயே விளக்கெரிந்த மண்டபத்தில் மங்களேஸ்வரி பேசினார்: "வெளியே பாருங்கள். வெயில் இல்லை, காற்றும் இல்லை. ஆனாலும் நம் தலைக்கு மேல் விளக்கு எரிகிறது!" மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

ஆனால் அவர் மனத்தின் ஓரத்தில் ஏதோ உறுத்தியது. இத்தனை நாள் பேட்டரி எப்படித் தாங்கியது? சாப்பாட்டு இடைவேளையில் தனியாக மின்நிலையத்துக்குப் போனார். வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. பிறந்த நாள்முதல் கேட்டுப் பழகிய டீசல் எஞ்சினின் சத்தம். பின்கொட்டகையில் சூசைநாதன் எண்ணெய்க் கைகளோடு நின்றிருந்தார்.

"கழட்டிட்டேன்னு சொன்னீங்களே?"

"பொய்தான் மேடம். ஒண்ணை மட்டும் ஒளிச்சு வச்சேன். விடியும்போதே பேட்டரி தீர்ந்துபோச்சு. ஆஸ்பத்திரியில குறைமாசக் குழந்தைங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குங்க. நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன்."

நிறுத்து என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஓட்டு என்று சொல்லவும் வரவில்லை. சற்று முன்பு கேட்ட கைதட்டல் இப்போது கன்னத்தில் விழுந்த அறையாக எரிந்தது. சூசைநாதனின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி நடந்தார்.

மாலையில் விருந்தினர் விடுதிக்குப் போய் ஜெசிமாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார்.

"நல்லவேளை சொன்னீங்கக்கா," என்றார் ஜெசிமா. "நாங்க ஒரு எஞ்சினை வச்சுக்கறோம். ஆனா வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போயிடுவார். டீசல் வியாபாரிங்க மறுபடி தலைதூக்குவாங்க. உங்க உழைப்பு அத்தனையும் வீணாயிடும்."

மறுநாள் காலை மங்களேஸ்வரி மேடையேறி, நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பதவியையும் துறந்தார். அன்று மாலையே சூசைநாதனைக் கைது செய்தார்கள்.

பொய் சொல்லிக் குழந்தைகளைக் காத்தவர் சூசைநாதன். உண்மையை மறைத்து உழைப்பைக் காக்கச் சொன்னவர் ஜெசிமா. உண்மையைச் சொல்லி, காத்தவரையே சிறைக்கு அனுப்பியவர் மங்களேஸ்வரி. கேட்பவரே, இந்த மூவரில் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: மங்களேஸ்வரிதான். ஆனால் மேடையில் உண்மையைச் சொன்னதற்காக அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஜெசிமா தன் நாட்டை மட்டுமே நினைத்தார். அந்த மண்டபத்தில் கைதட்டிய மற்றவர்களும் எஞ்சின்களை விற்கப் போகிறவர்கள் என்பதை மறந்தார். ஆகவே சொல்லத்தான் வேண்டும். வெட்கம் அதற்கும் முந்தையது. ஒரு எஞ்சினாவது வேண்டும் என்ற உண்மையைச் சூசைநாதன் முகத்துக்கு நேரே சொன்னபோது, அது பெருமைக்கு உதவாது என்று தள்ளியவர் மங்களேஸ்வரி. அதன்பின் அந்த மனிதருக்குப் பொய்யைத் தவிர வழி இல்லாமல் போயிற்று. ஒரு எஞ்சினை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பிறகு சட்டம் திருத்தப்பட்டது, சூசைநாதனும் விடுதலையானார். சிறை வாசலில் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்த மங்களேஸ்வரியைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "குழந்தைங்க நல்லாருக்குங்களா மேடம்?" மங்களேஸ்வரிக்குத் தெரியவில்லை. அவர் ஒருநாள்கூடப் போய்ப் பார்த்திருக்கவில்லை.