ஏழுமலை படகுக்கு ஒரு மோட்டார்

வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே தில்லைநாயகியின் பட்டறை இருந்தது. படகு மோட்டார்களைப் பழுது பார்ப்பதும், எந்தப் படகுக்கு எந்த மோட்டார் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதும் அவர் தொழில். குருவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடருக்கோ தலை முழுக்க நரை.

சீடர் கலியமூர்த்தி பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இங்கே எட்டிப் பார்க்க வந்தார். தூரத்தில் வரும் படகின் சத்தத்தை வைத்தே அதன் எஞ்சினில் என்ன கோளாறு என்று தில்லைநாயகி சொன்னதைக் கேட்டவர், அன்றே அவரை மேஸ்திரி என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.

"நான் காலமெல்லாம் எஞ்சினைப் பிரிச்சுப் பாத்தேன். எங்க மேஸ்திரி காதால பாக்குறாங்க" என்று டீக்கடையில் வாய் ஓயாமல் பெருமை பேசுவார்.

ஒருநாள் ஏழுமலை பட்டறைக்கு வந்தார். அவர் மனைவி கன்னியம்மாளும் இன்னும் சில பெண்களும் ஆற்றில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிப்பவர்கள். அவர்களைப் படகில் கொண்டுபோய் இறக்குவதும், அவர்கள் நடுவே படகை விட்டு, பிடித்ததை வாங்கிச் சேர்ப்பதும் ஏழுமலையின் வேலை. துடுப்புப் போட்டுப் போய்ச் சேருவதற்குள், கடல் உள்வாங்கியதில் வற்றிய தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கிவிடுகிறதாம். ஏறிவிட்டால் கைக்குத் தரை எட்டாது. அன்றைய பிழைப்பு போச்சு.

"ஒரு மோட்டார் பாத்துக் குடுங்க மேஸ்திரி."

"இந்தத் தடவை மூர்த்தியண்ணன் பாத்துச் சொல்லட்டும்" என்றார் தில்லைநாயகி.

கலியமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. முதல் முறையாகத் தன் சொல்லை நம்பி ஒரு படகு ஓடப் போகிறது. மேஸ்திரி முன்னால் அது பிசகிவிடக் கூடாது. படகு எவ்வளவு நீளம், எத்தனை பேர் ஏறுவார்கள், ஆற்றில் இழுப்பு எப்படி என்று ஏழுமலையைத் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் பட்டறையில் இருந்ததிலேயே பெரிய மோட்டாரைத் தட்டிக் காட்டினார். நாற்பது பேர் ஏறும் பஸ்ஸோடு வாழ்ந்தவர் வேறு எதைக் காட்டுவார்?

"இவ்வளவு ஆளு, ஆத்து இழுப்பு, எதிர்க்காத்து. எல்லாத்துக்கும் இதுதான் தாங்கும். மூச்சு வுடறதுக்குள்ள போய்ச் சேந்துடலாம்."

ஏழுமலையின் முகம் மலர்ந்தது.

"நாளைக்குக் காலைல மாட்டுங்கண்ணே. நாமளும் கூடப் போவோம்" என்றார் தில்லைநாயகி.

மறுநாள் படகு பறந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெண்கள் கை தட்டினார்கள். கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குருவின் முகத்தைப் பார்த்தார்.

குரு கன்னியம்மாள் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க பறியை அண்ணன்கிட்ட குடுங்க. நீங்க எல்லாரும் செத்த நேரம் மணல் திட்டுல ஏறி உக்காருங்க. அண்ணே, நீங்க தண்ணியில இறங்குங்க."

"நானா?"

"தடவிப் பாருங்க."

கலியமூர்த்தி முணுமுணுத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். பறி என்பது ஓலையில் முடைந்த சின்னக் கூடை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். கன்னியம்மாள் திட்டில் உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுத்தார்.

"குந்துங்கண்ணே. இன்னும் நல்லாக் குந்துங்க, தாடைக்குத் தண்ணி வரணும். கண்ணால தேடாதீங்க, கையை வுட்டுத் துழாவுங்க."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் பாட்டுக்குத் துழாவிக்கொண்டிருந்தார். ஏதேதோ விரலில் பட்டு நழுவிப் போயிற்று. வெகுநேரம் கழித்து உள்ளங்கைக்கு அடியில் ஒன்று துள்ளியது. அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட்டார். இறால்! மனுஷன் சின்னப் பிள்ளைபோலப் பூரித்துப் போனார்.

அப்போது மோட்டார் சத்தம் கேட்டது.

தில்லைநாயகி ஏழுமலையோடு படகைத் தூரத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பியிருந்தார். அது இவரை நோக்கி வந்தது. வந்த வேகத்தில் படகின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கீழே குந்தியிருந்தவருக்கு அது மட்டும்தான் தெரிந்தது, மேஸ்திரியின் முகம் தெரியவில்லை. அப்படியென்றால் மேஸ்திரிக்கும் இவர் தெரிய மாட்டார். எழுந்து ஓடலாம் என்றால் கால் சேற்றில் புதைந்திருந்தது.

மோட்டார் சத்தம் நின்றது, முன்பக்கம் தாழ்ந்தது. படகு நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. தில்லைநாயகி துடுப்பை ஊன்றித் திருப்ப, அளந்து வைத்தாற்போல் கை எட்டும் தூரத்தில் அவரைக் கடந்து போயிற்று. அலை தலைக்கு மேல் ஏறி இறங்கியது.

தில்லைநாயகி படகைத் திருப்பி வந்து, கை கொடுத்து அவரை ஏற்றினார். கலியமூர்த்தி வாயிலிருந்த பறியை எடுத்துவிட்டு, இருமி முடித்தார்.

"எஞ்சினை எப்ப நிறுத்தினீங்க மேஸ்திரி?"

"சத்தம் நின்னுச்சே, அப்பவே."

"அதுக்கப்புறமும் வந்துச்சே!"

"பஸ்ஸாண்ணே இது, பிரேக் போட்டதும் நிக்க?"

கலியமூர்த்தி மோட்டாரைப் பார்த்தார். திட்டில் இருந்த பெண்களைப் பார்த்தார். இப்போது அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்படிப்பட்ட ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறோமே என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது.

"இது வேணாம் ஏழுமலை" என்றார். "சின்னதா ஒண்ணு போதும், மூக்கைத் தூக்காம போறது. தண்ணிக்குள்ள சுத்துற விசிறிக்குக் கம்பிக் கூண்டு அடிச்சுத் தர்றேன். இவங்க நடுவுல போறப்ப அதையும் நிறுத்திட்டுத் துடுப்புப் போடுங்க."

ஏழுமலைக்கு மனசு கேட்கவில்லை. பெரிய மோட்டாரின் வேகத்தை இப்போதுதான் ருசி பார்த்திருக்கிறார்.

"பெரிசே இருந்துட்டுப் போவட்டும்ணே. படகு கிட்ட வந்தா இவங்க சத்தம் குடுக்க மாட்டாங்களா?"

கலியமூர்த்தி குருவைப் பார்த்தார். குரு அவரையே கேட்டார்.

"நீங்க ஏண்ணே சத்தம் குடுக்கலை?"

"வாயில பறி இருந்துச்சே."

"துப்பியிருக்கலாமே?"

கலியமூர்த்தி பறிக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள இறால் இருந்துச்சு மேஸ்திரி."

"எத்தனை?"

"ஒண்ணு."

தில்லைநாயகி ஏழுமலை பக்கம் திரும்பினார்.

"அக்காவோட பறி ரொம்பி இருக்கும், ஏழுமலை."