கூஜா இரண்டு, பரோலோ ஒன்று

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். எனக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் இத்தாலிய உணவகம் ஒன்றில் நான் மேலாளர். முதலாளி தனராசு. இத்தாலியில் உள்ள ஒரு திராட்சைத் தோட்டம், மூன்று மாதம் ஒயின் பயிற்சிக்கு எங்களிடமிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டது. ஒரே ஒரு இடம். கேட்டவர்கள் மூன்று பேர்.

மூத்த பரிமாறுபவர் அல்போன்ஸ், இருபது வருட சர்வீஸ். ஒயினுக்காக இல்லாவிட்டாலும் ரோமாபுரிக் கோவிலைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அடுத்தவன் கிரிதரன். முதலாளி தும்மினால் இவன் கைக்குட்டை நீட்டுவான். மூன்றாவது அமலி. இந்தப் பயிற்சி என்றாவது வரும் என்று நம்பி, இரண்டு வருடமாகத் தினமும் வேலைக்கு வருமுன் ஒரு மணி நேரம் இத்தாலிய மொழி படித்தவள். இதை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது.

முதலாளி ஒரு போட்டி வைத்தார். இரண்டு சிவப்பு ஒயின். ஒன்று மோன்டெபுல்ச்சானோ, அங்கே வீட்டுச் சாப்பாட்டோடு அன்றாடம் குடிப்பது. இன்னொன்று பரோலோ, வருடக்கணக்கில் மரப் பீப்பாயில் கிடந்து வரும் உயர்ந்த சரக்கு. எது பரோலோ என்று ருசித்துச் சொல்பவருக்கு விமானச் சீட்டு.

காலை பதினோரு மணிக்கு நானும் முதலாளியும் சரக்கறைக்குள் போனோம். ஜன்னல் இல்லாத அறை. போன உடனே மின்சாரமும் போனது. கைப்பேசி வெளிச்சத்தில்தான் எல்லாம். மோன்டெபுல்ச்சானோவுக்குத் திருகு மூடி, கையாலேயே திறந்துவிட்டேன். பரோலோவின் கார்க்கோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினேன். வைக்க இடம் தெரியாமல் கார்க்கை என் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டையும் இரண்டு பீங்கான் கூஜாக்களில் ஊற்றினோம். அந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தன. பெயர் எழுதிய சீட்டை நான்தான் ஒட்டினேன். வெயில் காலமாயிற்றே, கொஞ்சம் குளிரட்டும் என்று முதலாளி இரண்டு கூஜாவையும் ஐஸ் தொட்டிக்குள் இறக்கினார்.

பத்து நிமிடம் கழித்துத் தூக்கினால், இரண்டு சீட்டும் தண்ணீரில் மிதக்கின்றன. எது எந்தக் கூஜாவின் சீட்டு? எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. பாட்டிலில் மிச்சம் இருக்குமே என்று ஓடினேன். எங்கள் கடையில் காலி பாட்டில் ஐந்து நிமிடம் சும்மா இருக்காது. கழுவி, குடிதண்ணீர் நிரப்பி, மேசைக்குப் போய்விடும். அன்றும் போயிருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"போட்டி நடக்கட்டும். குடிச்சா எனக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி.

கண்ணாடிக் கோப்பையில் ஊற்றியதும் வித்தியாசம் தெரிந்தது. ஒன்று நாவற்பழச் சாறு போல அடர் ஊதா. மற்றது வெளிறிய செங்கல் நிறம். முதலாளி இரண்டையும் ஒரு வாய் குடித்தார். ஊதாவுக்குப் புன்னகை, செங்கல் நிறத்துக்கு முகச் சுளிப்பு.

அல்போன்ஸ் ஊதாவைத் தொட்டார். "இதாங்க பரோலோ. முதல் டிகாஷன் மாதிரி கெட்டியா இருக்கு பாருங்க. அது தண்ணி விட்டு இறக்குன ரெண்டாம் டிகாஷன்."

கிரிதரன் கோப்பையைப் பார்க்கவே இல்லை, முதலாளியின் முகத்தைப் பார்த்தான். "ஊதாதான் சார், சந்தேகமே இல்ல."

அமலி இரண்டையும் முகர்ந்தாள், மெல்ல உறிஞ்சினாள், நிதானமாகத் துப்பினாள். "அந்தச் செங்கல் நிறந்தான் சார் பரோலோ. ரோஜாப்பூ வாசனை வருது, அடியில புதுசா போட்ட தார் ரோட்டு வாசனை. ஊதா நல்லாத்தான் இருக்கு, ஆனா முழுங்குனதும் போயிடுது. இது நிக்குது."

"உசந்த ஒயின் இப்படிக் கசக்குமாம்மா?" என்றார் முதலாளி.

"கசக்கல சார், துவர்க்குது. வாழைப்பூவைப் பச்சையா கடிச்சா நாக்கை இழுக்குமே, அது. கறியோட குடிச்சா சரியாயிடும்."

"துவர்ப்போ கசப்போ, ரெண்டும் ஒண்ணுதான்."

துவர்ப்புக்கும் கசப்புக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் ஊரில் பிறந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அமலி என் பக்கம் திரும்பி, "சார், உங்க பையில செங்கப்பொடி அப்புன மாதிரி ஏதோ கறை" என்றாள். "இப்ப அதுவா முக்கியம்?" என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

முதலாளி தீர்ப்பைச் சொன்னார். ஊதாதான் பரோலோ. சரியாகச் சொன்ன இருவரில் மூத்தவர் அல்போன்ஸ், விமானச் சீட்டு அவருக்கு. அமலி கோப்பைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

கூஜாக்களில் இப்போது சொட்டு இல்லை. ஆனால் சாட்சி இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், மூவரில் யார் சொன்னது சரி?

விடை: அமலி சொன்னதே சரி. திருகு மூடி போட்டது மோன்டெபுல்ச்சானோ. அன்று திறந்தவற்றில் கார்க் இருந்த பாட்டில் ஒன்றுதான், அது பரோலோ. அந்த ஈரக் கார்க் என் பையில் விட்ட கறை ஊதா இல்லை, செங்கல் நிறம். சாட்சி என் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்கு வேண்டுமோ அவளே அதைக் காட்டினாள், நான்தான் வாயை அடைத்தேன். மறுநாள் காலை சட்டையைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். கறையை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. "பேரு அனுப்பியாச்சுப்பா. சட்டையைத் துவைச்சுப் போடு" என்றார். நான் இன்னும் துவைக்கவில்லை.