நின்றுகொண்டிருந்த முடிச்சு

“குருவே, வழியில் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடாதே?”

சீடன் டோசெய் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

குருவின் பெயர் ரையேன், மலைக்கோயிலின் மூத்த பெண் துறவி. அவர் முன்னால் ஒரு மரப்பெட்டி. உள்ளே தேநீர்க் கிண்ணம். பெட்டியைச் சுற்றி நீல நிறச் சதுரத் துணி. பரிசைப் பெட்டியோடு துணியில் பொதிந்து கொண்டுபோவது அவர்கள் நாட்டு வழக்கம். அந்தத் துணிக்கு ஃபுரோஷிகி என்று பெயர்.

“அவிழாமல் இருந்தால் போதுமா?” என்றார் ரையேன்.

“போதும் குருவே.”

“அப்படியென்றால் ஆணி அடித்துவிடலாமே.”

டோசெய்க்குச் சிரிப்பு வரவில்லை.

கோட்டைப் பிரபுவுக்கு மகன் பிறந்திருந்தான். எல்லாக் கோயில்களும் பரிசு அனுப்பவேண்டும். ரையேனுக்கு முழங்கால் வலி. போகவேண்டியவன் டோசெய்தான்.

போனால் மட்டும் போதாது. கொண்டுபோனவனே பிரபு முன்னால் மண்டியிட்டு, தன் கையாலேயே முடிச்சை அவிழ்க்கவேண்டும். போன தடவை பக்கத்து மலைக் கோயிலிலிருந்து ஒருவன் போனான். முடிச்சு சிக்கிக்கொண்டது. அறுக்கலாம் என்று சட்டைக் கைக்குள் கத்தியைத் தேடினான். கத்தி எதற்கு என்று காவலர்கள் கேட்கவில்லை. அவன் திரும்பி வரவும் இல்லை.

“சரி, கட்டு பார்ப்போம்,” என்றார் ரையேன்.

டோசெய் துறவியாவதற்கு முன்னால் படகுத்துறையில் மூட்டை கட்டியவன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

“அவிழ்.”

இழுத்தான். நெம்பினான். நகம்தான் மடங்கியது.

“உன் முடிச்சைப் பார். நிற்கிறது. ஒரு காது வானத்தைப் பார்க்கிறது, ஒரு காது தரையைப் பார்க்கிறது. முடிச்சு என்றால் படுக்கவேண்டும் அப்பா.”

ரையேன் பொறுமையாக அதை அவிழ்த்து மறுபடி கட்டினார். முதல் சுற்று ஒரு பக்கம். அடுத்த சுற்று மறுபக்கம். இரண்டு நுனிகளும் தூங்கும் பூனையின் காதுகளைப் போல இருபுறமும் சாய்ந்தன. அவர் ஒரு நுனியை மட்டும் நேராகப் பிடித்து இழுத்தார். முடிச்சு தானாகவே வழுக்கிக் கழன்றது.

“பயந்தவன் இரண்டு தடவையும் ஒரே பக்கமாகச் சுற்றுவான். அவ்வளவுதான் விஷயம். போய் வா.”

டோசெய் பொதியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். முடிச்சு ஒழுங்காகப் படுத்திருந்தது.

தொங்கு பாலம் வரைக்கும்.

பாலம் ஆடியது. கீழே ஆறு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கிண்ணம் விழுந்தால் என் தலையும் விழும் என்று நினைத்தான். அங்கேயே உட்கார்ந்து அவிழ்த்து, இறுக்கிக் கட்டினான். கொஞ்சதூரம் போனதும் அதற்கு மேல் இன்னொன்று போட்டான்.

கோட்டை வாசலில் காவலன் மூக்கால் பேசினான். “என்னய்யா அதில்? பாம்பா?”

“கிண்ணம்.”

“எல்லாரும் கிண்ணம் என்றுதான் சொல்வார்கள். உள்ளே போ. கையை வெளியிலேயே வைத்துக்கொள்.”

மண்டபத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. டோசெய் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தான்.

முடிச்சு நின்றுகொண்டிருந்தது.

விரல் வைத்தான். அசையவில்லை. காவலர்களின் கைகள் இடுப்புக்குப் போயின. நெற்றி வியர்வை துணியில் சொட்டியதும் முடிச்சு இன்னும் இறுகியது. வேறு வழியில்லை. அவன் இரண்டு கைகளையும் எல்லாரும் பார்க்கும்படி விரித்துத் தரையில் வைத்தான். தலை குனிந்து, எலும்பைக் கண்ட நாய்போல, பல்லால் கடித்து இழுத்தான்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் பலர் சிரித்தார்கள்.

பிரபு சிரிக்கவில்லை.

முடிச்சு கழன்றது. கிண்ணம் முழுசாக இருந்தது. பிரபு கிண்ணத்தைப் பார்க்காமல் துணியை எடுத்தார். கசங்கிய முனைகளைத் தடவினார்.

“யார் கட்டியது?” மெல்லிய குரல். அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நான்தான் பிரபுவே.”

“இவ்வளவு இறுக்கமாக, யாரை நினைத்துக் கட்டினாய்?”

பொய் சொல்ல டோசெய்க்கு மூச்சு இல்லை. “தங்களைத்தான்.”

பிரபு துணியோடு திரைக்குப் பின்னால் போனார். துணியை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பதும் வழக்கம்தான். வெளியே வந்தபோது அதில் எதையோ பொதிந்து கொண்டுவந்தார்.

“என் கையால் கட்டியது. உன் குருவிடம் கொடு. வழியில் அவிழ்க்காதே.”

கனமாக இருந்தது. உருண்டையாக இருந்தது. ஒரு மனிதத் தலை அளவு.

பக்கத்து மலைக் கோயில்காரனின் முகம் டோசெய்க்கு நினைவு வந்தது. அதற்கப்புறம் அது போகவே இல்லை. முதுகில் பொதி மொத்து மொத்தென்று இடித்தது. ‘மெதுவாப் போய்யா, மூக்கு வலிக்குது’ என்று அது சொல்வதுபோலிருந்தது. பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கடந்தான்.

கோயிலுக்கு வந்ததும் பொதியை இறக்கிவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

“குருவே, தலை.”

“யாருடையது?”

“தெரியவில்லை. நீங்களே பாருங்கள்.”

ரையேன் முடிச்சில் கை வைத்தார். அதுவும் நின்றுகொண்டிருந்தது. வரவில்லை. சாப்பிடும் குச்சியின் முனையை நுழைத்து நெம்பினார். அதற்கும் நேரமானது. ஒன்று கழன்றால் அடியில் இன்னொன்று. கடைசியில் துணி விரிந்தது.

பூசணிக்காய்.

டோசெய் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். “பூசணிக்காய் குருவே! இதற்குப் போய் நான்... பூசணிக்காய்!”

ரையேன் பூசணிக்காயைப் பார்க்கவில்லை. துணியின் முனைகளை மடியில் வைத்து, ஒவ்வொரு சுருக்கமாக நீவிக்கொண்டிருந்தார்.

“இதை யார் கட்டியது?”

“பிரபுதான். தன் கையாலேயே.”

“யாரை நினைத்துக் கட்டினானாம்?”

டோசெய்யின் சிரிப்பு நின்றது.