கடலில் இருப்பவரின் பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் அப்படி என்ன பெரிய பாடு என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சிசிலித் தீவில் ஒரு மீன்பிடித் துறைமுகம். அங்கே குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரி மெற்றில்டா. அவள் கணவன் எட்மன், கலோஜெரோ என்ற இத்தாலியக் கிழவரின் படகில் வேலை செய்தான். போன மாரியில் வலைக்கயிறு காலில் சுற்றி எட்மன் கடலுக்குள் விழுந்தபோது, அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குதித்து அவனை இழுத்தெடுத்தார். உயிர் திரும்பிய எட்மன் படகில் கிடந்தபடியே வாக்குக் கொடுத்தான்: எனக்கு ஆண்பிள்ளை பிறந்தால் உங்கள் பெயர்தான் என்று. கலோஜெரோவுக்குப் பிள்ளைகள் இல்லை. மனிதர் தேம்பித் தேம்பி அழுதாராம்.

ஆண்பிள்ளையே பிறந்தது. கிழவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோயிலுக்கு ஓடிப்போய்ப் பாதிரியாரிடம் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார். எட்மனை மனைவியோடு இருக்கச் சொல்லிவிட்டு, வேறு ஆட்களோடு கடலுக்குப் போனார். காற்று மாறி அடித்தது. போன படகு வரவில்லை. தேடப் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இனித்தான் சங்கடம். மெற்றில்டாவின் சின்னம்மா ஒருத்தியும் கடலுக்குப் போய் வராத புருசனுக்காகக் காத்திருந்தவள். வீட்டில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அவன் பெயரை வைத்த அன்றுதான் அவள் தாலியைக் கழற்றினாள். "போனவர் வந்து பிறந்திட்டார்" என்றார்கள் சொந்தக்காரர். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அவனை எதிர்பார்க்கவில்லை. சிறுமியாக இருந்து அதைக் கண்ணால் கண்டவள் மெற்றில்டா.

"வேண்டாமப்பா," என்றாள் புருசனிடம். "அந்தப் பேரை வைச்சால் நாங்களே அவரை முடிச்சதாப் போயிடும். மத்தேயோ எண்டு வைப்பம். அதுவும் இத்தாலிப் பேர்தானே?"

"வாக்குக் குடுத்திட்டனே!" எட்மன் வெடித்தான். "அவர் வந்து, எங்கை என்ரை பேர் எண்டு கேட்டால் நான் எந்த முகத்தோடை நிக்கிறது?"

"வந்து கேக்கட்டும். அதுதானே எனக்கும் வேணும்!"

விஷயம் கலோஜெரோவின் மனைவி நுன்சியாவின் காதுக்கு எட்டியது. அவள் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. அவர்கள் ஊர் வழக்கம் வேறு. தாத்தா உயிரோடு நடமாடும்போதே பேரனுக்கு அவர் பெயரை வைப்பார்கள். இருக்கிறவருக்குச் செய்யும் மரியாதை அது.

"அவர் செத்துவிட்டார் என்று நீயும் முடிவுகட்டிவிட்டாய்," என்றாள் நுன்சியா. "செத்தவன் வந்து கேட்கமாட்டான் என்றுதானே வேறு பெயர் தேடுகிறாய்?"

மெற்றில்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்த இத்தாலிய மொழியில் தட்டுத்தடுமாறிச் சின்னம்மாவின் கதையைச் சொன்னாள். நுன்சியா முழுவதும் கேட்டாள். முகம் மட்டும் இளகவில்லை.

"அது உங்கள் ஊர்," என்றாள்.

"அப்படியானால் ஞானஸ்நானத்தையாவது தள்ளிவைப்போமா, சின்யோரா?" என்று மரியாதையோடு கேட்டாள் மெற்றில்டா.

"அவர் குறித்துவிட்டுப் போன நாள். மாற்றுவதென்றால் அவரிடம்தான் கேட்கவேண்டும்."

பாருங்கள் கூத்தை! இரண்டு பெண்களும் வேண்டுவது ஒன்றே: அந்த மனிதர் உயிரோடு வரவேண்டும். அதற்காகவே ஒருத்தி பெயரை வை என்கிறாள், மற்றவள் மாட்டேன் என்கிறாள்.

குறித்த நாளும் வந்தது. நுன்சியா விதவைக் கறுப்பு உடுத்தாமல், நீலச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மெற்றில்டா பிள்ளையை ஏந்திநின்றாள். அந்தப் பெயரைச் சொன்னால் அவரைக் கொன்றவளாவாள், சொல்லாவிட்டாலும் அப்படித்தான். "குழந்தைக்கு என்ன பெயர்?" என்று பாதிரியார் கேட்டார். எட்மன் மனைவியின் பக்கம் திரும்பினான். எல்லோரும் தாயைப் பார்த்தார்கள்.

இப்போது சொல்லுங்கள்: மெற்றில்டா எந்தப் பெயரைச் சொல்வது நியாயம்?

விடை: கலோஜெரோ. எட்மனின் வாக்குக்காக என்பீர்கள்; அது மட்டும் போதாது. மெற்றில்டாவின் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போக அவளுக்குப் புருசனும் பிள்ளையும் துணை இருக்கிறார்கள். நுன்சியாவுக்கு மிஞ்சியிருப்பது நம்பிக்கை ஒன்றுதான். அதைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. மெற்றில்டா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னாள். படகு வந்ததா என்கிறீர்களா? அது தெரிந்த பிறகு பெயரைச் சொல்வதென்றால் எவரும் சொல்லலாம். அவள் தெரியாமல் சொன்னாள்.